கேமிங் பிசியை விண்டோஸ் 11-க்கு மாற்றினால் எஃப்பிஎஸ் குறையுமா? மேலேயே அப்கிரேட் செய்யலாமா, ஃபார்மட் அடித்துப் போடலாமா?

நீங்கள் சொல்லியிருக்கும் பிசி: ரைசன் 5 3600, பி450 போர்டு, ஆர்டிஎக்ஸ் 2060, 16 ஜிபி ரேம். விண்டோஸ் 10 ஒரு சாட்டா எஸ்எஸ்டியில், கேம்கள் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில். 11 போட்டால் எஃப்பிஎஸ் (கேம் ஒரு நொடிக்குக் காட்டும் படங்களின் எண்ணிக்கை) அடிவாங்கும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள் என்கிறீர்கள். ஏறக்குறைய இதே மாதிரி பிசியைத்தான் நானும் மாற்றினேன். அப்புறம் தம்பிக்கும் நண்பர்களுக்கும் மாற்றிக் கொடுத்தேன்.

நேரடிப் பதில்: மாறுங்கள். எஃப்பிஎஸ் குறைய வேண்டிய அவசியமே இல்லை. குறைந்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் விண்டோஸை மாற்றும்போது கூடவே வேறு இரண்டு மூன்று விஷயங்களும் சத்தமில்லாமல் மாறிவிடுகின்றன. பழி மட்டும் விண்டோஸ் 11 மேல் விழுகிறது. அவை என்னென்ன என்று கீழே சொல்கிறேன்.

முதலில், ஏன் மாற வேண்டும்? வேகத்துக்காக என்றால் வேண்டாம், உங்கள் பிசிக்கு அதில் பெரிய லாபம் இல்லை. இன்டெல் 12-ஆம் தலைமுறைக்குப் பிறகு வந்த, பெரிய கோர் சிறிய கோர் என்று கலந்த பிராசசர்களில் எந்த வேலையை எந்தக் கோருக்குக் கொடுப்பது என்பதை 11 நன்றாகச் செய்கிறது. 3600-இல் எல்லாக் கோரும் ஒரே வகை. கேம் ஃபைல்களை வேகமாக ஏற்றும் டைரக்ட்ஸ்டோரேஜ் என்று ஆசை காட்டுவார்கள். அதன் பலன் தெரிய சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி வேண்டும், தவிர அது விண்டோஸ் 10-லும் ஓடும். எச்டிஆர் மானிட்டர் இருந்தால் ஆட்டோ எச்டிஆர் ஒரு நல்ல வரவு, அவ்வளவுதான்.

மாறச் சொல்வதற்குக் காரணம் வேறு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுகளில் பதிவு செய்தால் இன்னும் ஓராண்டு, 2026 அக்டோபர் வரை தள்ளலாம். ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு விண்டோஸ் 10-இல் கேம் ரெடி டிரைவர் தருவதையும் அதே 2026 அக்டோபர் வரை என்றுதான் என்விடியா அறிவித்தது. அதற்கு மேல் ஆன்டி-சீட் (ஆன்லைன் கேமில் ஏமாற்றுவதைத் தடுக்கும் மென்பொருள்) விவகாரம் இருக்கிறது. வாலரன்ட் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0-வும் (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி) செக்யூர் பூட்டும் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் வசதி) கேட்கிறது. பேட்டில்ஃபீல்ட் 6-க்கு எந்த விண்டோஸாக இருந்தாலும் செக்யூர் பூட் வேண்டும். கால் ஆஃப் டியூட்டி பிளாக் ஆப்ஸ் 7-க்கு இரண்டுமே வேண்டும். ஆக, நீங்கள் 10-லேயே உட்கார்ந்திருந்தாலும் இவற்றை பயாஸில் (பிசி ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலுள்ள மென்பொருள்) ஆன் செய்யும் வேலையிலிருந்து தப்ப முடியாது. செய்வதுதான் செய்கிறோம், 11-ஐயும் சேர்த்துப் போட்டுவிடலாம்.

நேரம் போவதும் அந்த பயாஸ் வேலையில்தான். விண்டோஸ் இன்ஸ்டால் ஆவதெல்லாம் ஒரு காபி குடிக்கிற நேரம்.

ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறங்கள். அதில் 'பயாஸ் மோட்' என்ற வரியில் யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. லெகசி (பழைய பூட் முறை) என்று இருந்தால் உங்கள் எஸ்எஸ்டி பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். என் பிசியில் லெகசிதான் இருந்தது. அசெம்பிள் செய்து கொடுத்தவர் அப்படியே போட்டுவிட்டிருந்தார், ஆண்டுக்கணக்கில் எனக்கும் அது தெரிய வேண்டிய தேவை வரவில்லை.

லெகசியாக இருக்கும்போது பயாஸில் போய் சிஎஸ்எம்-ஐ (பழைய முறையில் பூட் செய்யவிடும் அமைப்பு) அணைத்தால் பிசி பூட் ஆகாது. பயப்பட வேண்டாம், டேட்டா எங்கேயும் போய்விடவில்லை, சிஎஸ்எம்-ஐத் திரும்ப ஆன் செய்தால் பழையபடி வரும். சரியான வரிசை: முதலில் வட்டை ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்றுவது, பிறகுதான் சிஎஸ்எம்-ஐ அணைப்பது. மாற்றுவதற்கு எம்பிஆர்2ஜிபிடி என்ற சிறு கருவி விண்டோஸ் 10-லேயே இருக்கிறது. அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஓட்ட வேண்டும். 'வேலிடேட்' போட்டு ஓட்டினால் எதையும் தொடாமல் சோதித்து மட்டும் சொல்லும், 'கன்வெர்ட்' போட்டால்தான் மாற்றும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்வதால் 'அலோ ஃபுல் ஓஎஸ்' என்ற சொல்லையும் இடைவெளி இல்லாமல் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் முகத்திலடித்த மாதிரி மறுத்துவிடும். வேலிடேட்டிலேயே தோற்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அந்த வட்டில் நான்கு பார்ட்டிஷன் இருக்கும், அல்லது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருக்கும். பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தால் அந்தக் கருவி ஒத்துக்கொள்ளாது. இன்னொன்று, மாற்ற வேண்டியது விண்டோஸ் இருக்கும் வட்டை மட்டும். கேம்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் எம்பிஆராகவே இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கும் தொந்தரவு இல்லை.

அடுத்து டிபிஎம். தனியாக சிப் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரைசனுக்குள்ளேயே இருக்கிறது, பயாஸில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டு என்றால் பிடிடி. ஆனால் ஆன் செய்வதற்கு முன்னால் பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். ஏஎம்டியில் எஃப்டிபிஎம் ஆன் ஆக இருந்தால் அவ்வப்போது ஒரு நொடி படமும் ஒலியும் திக்கும் பிரச்சினை இருந்தது. ஏஎம்டியே அதை ஒத்துக்கொண்டு 2022-இல் அஜீசா (பயாஸுக்காக ஏஎம்டி தரும் அடிப்படைக் குறியீடு) 1.2.0.7 அடிப்படையிலான பயாஸ்களில் சரிசெய்தது. "11 போட்டதிலிருந்து கேம் திக்குது" என்ற பழைய புலம்பல்களில் கணிசமானவை இதிலிருந்து வந்தவை என்பது என் ஊகம். உங்கள் போர்டின் பயாஸ் அதற்கு முந்தியது என்றால் நீங்களும் அதே திக்கலைப் பார்ப்பீர்கள்.

பயாஸ் அப்டேட் முடிந்து முதல் தடவை பூட் ஆகும்போது ஏஎம்டி போர்டுகளில் கறுப்புத் திரையில் ஒரு எச்சரிக்கை வரலாம். எஃப்டிபிஎம் தகவல் மாறிவிட்டது, ரீசெட் செய்ய ஒய் (Y) அழுத்து, பழையதையே வைத்துக்கொள்ள என் (N) அழுத்து என்கிற மாதிரி இருக்கும். பிட்லாக்கர் (வட்டைப் பூட்டிவைக்கும் என்கிரிப்ஷன்) போடாதவர்கள் ஒய் கொடுத்துவிட்டுப் போகலாம். போட்டிருந்தால் ரெகவரி கீ கையில் இல்லாமல் ஒய்யைத் தொடாதீர்கள். அந்தக் கீயை பயாஸ் பக்கமே போவதற்கு முன்னால் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இனி எஃப்பிஎஸ் திருடர்களில் முதலாமவர். பயாஸை அப்டேட் செய்தால் அதிலுள்ள அமைப்புகள் பெரும்பாலும் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். அதில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியும் அடக்கம். நீங்கள் 3200 ரேம் வாங்கிப் போட்டிருப்பீர்கள், அது இப்போது 2133 அல்லது 2400-இல் ஓடிக்கொண்டிருக்கும். மற்ற பிராசசர்களைவிட ரைசனுக்கு ரேம் வேகம் அதிகமாக உறைக்கும். உள்ளே பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கின் வேகமும் அதோடு கட்டப்பட்டிருக்கிறது. தம்பி பிசியில் எஃப்பிஎஸ்ஸைக் குறைத்தது இதுதான். "விண்டோஸ் 11 சரியில்லை, பழையதே போட்டுக்கொடு" என்று நின்றான். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகம் 2133 என்று பளிச்சென்று எழுதியிருந்தது. எக்ஸ்எம்பியை ஆன் செய்ததும் பேச்சு நின்றுவிட்டது.

செக்யூர் பூட்டில் ஒரு சின்னச் சிக்கல். பயாஸில் 'எனேபிள்ட்' என்று வைத்திருப்பீர்கள், பக்கத்திலேயே 'நாட் ஆக்டிவ்' என்று காட்டும், கேமும் செக்யூர் பூட் இல்லை என்று அடம்பிடிக்கும். சாவிகள் ஏறவில்லை என்பதுதான் விஷயம். அதே பக்கத்தில் ஃபேக்டரி கீகளை மீட்கும் ஒரு தேர்வு இருக்கும், அதை அழுத்தி, மோடை ஸ்டாண்டர்டில் வைத்து, சேமித்து ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, மேலேயே அப்கிரேடா, ஃபார்மட்டா. இரண்டாவது திருடர் இங்கேதான் ஒளிந்திருக்கிறார். மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு பாதுகாப்பு வசதி. உங்கள் தலைமுறை பிராசசரில் விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட்டால் அது தானாகவே ஆன் ஆகிவிடும். 10-இன் மேலேயே அப்கிரேட் செய்தால் பொதுவாக ஏற்கெனவே இருந்த நிலையிலேயே இருக்கும். கர்னலுக்குள் (விண்டோஸின் உட்கரு) நுழையும் ஒவ்வொரு டிரைவரையும், விண்டோஸுக்கும் கீழே ஓடும் ஹைப்பர்வைசர் சோதிப்பதால் பிராசசருக்குக் கொஞ்சம் கூடுதல் சுமை. கேம் வேகத்துக்காக இதை அணைத்துப் பார்க்கலாம் என்று மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. ஆக, ஒருவர் ஃபார்மட் அடித்து 11 போட்டு எஃப்பிஎஸ் குறைந்தது என்பார், இன்னொருவர் மேலேயே அப்கிரேட் செய்து ஒன்றும் குறையவில்லை என்பார். இரண்டு பேரும் சொல்வது சரிதான்.

அணைக்கலாமா? வெறும் கேம் பிசி, கண்ட இடத்திலிருந்து எதையும் இறக்குவதில்லை என்றால் அணைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியவில்லை என்றால் திரும்ப ஆன் செய்துவிடுங்கள். அதே பிசியில் பேங்க் வேலையும் பார்க்கிறீர்கள் என்றால் நான் ஆன் செய்தே வைப்பேன். கிராக் செய்த கேம் ஆடுகிறவர்கள் இதை அணைப்பது திருடனைக் கூப்பிட்டுச் சாவி கொடுப்பதுதான். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன் என்ற இடத்தில் இருக்கிறது. சில ஆன்டி-சீட்கள் இதையும் ஆன் செய்யச் சொல்லக்கூடும், அப்போது வேறு வழியில்லை.

புதிதாகப் போடுவதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு கிளீன் இன்ஸ்டால் செய்தால் வட்டு முழுவதையும் தானாகவே என்கிரிப்ட் செய்துவிடும். வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைக்கலாம். வைத்துக்கொள்வதானால் ரெகவரி கீ உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

என் பரிந்துரை: பிசி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் மேலேயே அப்கிரேட். கேம், லாஞ்சர், மாட்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும், பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த குப்பை, பழைய ஆர்ஜிபி மென்பொருள், காரணம் தெரியாத புளூ ஸ்கிரீன் என்றெல்லாம் இருந்தால் ஃபார்மட்தான். அப்படியானால் எம்பிஆர்2ஜிபிடி பக்கமே போக வேண்டாம். பென்டிரைவை யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்து எஸ்எஸ்டியின் பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்தால் இன்ஸ்டாலரே ஜிபிடியாக்கிக்கொள்ளும். அதற்கு முன் ஹார்ட் டிஸ்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். தவறான வட்டை அழித்துவிடும் ஆபத்தும் இல்லை, பூட் பார்ட்டிஷனைக் கொண்டுபோய் ஹார்ட் டிஸ்கில் வைக்கும் இன்ஸ்டாலரின் கெட்ட பழக்கத்துக்கும் இடமில்லை.

கேம்களைத் திரும்ப டவுன்லோட் செய்ய வேண்டாம். ஸ்டீமைப் போட்டுவிட்டு ஸ்டோரேஜ் செட்டிங்கில் அந்த ஹார்ட் டிஸ்கைச் சேர்த்தால் எல்லாவற்றையும் அடையாளம் கண்டுகொள்ளும். எபிக் இந்த விஷயத்தில் முரடு: பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றி, டவுன்லோடைத் தொடங்கி, நிறுத்தி, பழைய ஃபைல்களை உள்ளே போட்டுத் தொடரச் சொல்ல வேண்டும். கவனம் வேண்டியது சேவ் ஃபைல்களில். கேம் ஹார்ட் டிஸ்கில் இருந்தாலும் சேவ் பெரும்பாலும் சி டிரைவில்தான் இருக்கும். விட்சர் 3 டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் வைக்கும், எல்டன் ரிங் ஆப்டேட்டாவுக்குள் ரோமிங்கில் வைக்கும். ஸ்டீம் கிளவுடை நம்பி விட்டுவிடாதீர்கள், எல்லா கேமும் அதைப் பயன்படுத்துவதில்லை. டாக்குமெண்ட்ஸ், சேவ்ட் கேம்ஸ், ஆப்டேட்டா மூன்றையும் அப்படியே காப்பி எடுத்துவிட்டால் நிம்மதி.

போட்டு முடித்ததும் என்விடியா டிரைவரை 'கிளீன் இன்ஸ்டாலேஷன்' டிக் அடித்துப் புதிதாகப் போடுங்கள். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால் டிஸ்பிளே செட்டிங்கில் 60-க்கு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். "எஃப்பிஎஸ் கவுண்டர் சரியாத்தான் காட்டுது, ஆனா ஸ்மூத்தா இல்லை" என்பவர்களில் பலருக்கு இதுதான். ஃபார்மட் அடித்தவர்களுக்கு மவுஸின் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' திரும்ப ஆன் ஆகியிருக்கும், ஷூட்டர் ஆடும்போது கை தடுமாறும்.

லினக்ஸுக்குப் போகலாமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். தனியாக ஆடும் கேம்கள் மட்டும்தான் என்றால் தாராளமாக, விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும் ஸ்டீமின் புரோட்டான் 2018-க்குப் பிறகு அவ்வளவு தூரம் வந்துவிட்டது. வாலரன்ட், பேட்டில்ஃபீல்ட் 6 எல்லாம் அங்கே ஓடாது. ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸையும் 2024 அக்டோபர் இறுதியில் நிறுத்திவிட்டார்கள். நண்பர்களோடு ஆன்லைனில் ஆடுவதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும், அப்கிரேட் செய்தால் பழைய விண்டோஸுக்குத் திரும்ப 10 நாள்தான் அவகாசம். டிஸ்ம் கட்டளை மூலம் அதை 60 நாள் வரை நீட்டலாம், ஆனால் அந்த 10 நாளுக்குள்ளேயே நீட்ட வேண்டும். அதுவரை டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். 24எச்2 வந்த புதிதில் சில அசாசின்ஸ் கிரீட் கேம்களும் ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸும் உறைந்துபோய், அந்தப் பிசிகளுக்கு மைக்ரோசாஃப்டே அப்டேட்டை நிறுத்திவைத்தது. பிறகு சரிசெய்துவிட்டார்கள். இருந்தாலும் அந்த அவகாசத்துக்குள் நீங்கள் வழக்கமாக ஆடும் எல்லா கேமையும், முக்கியமாக ஆன்டி-சீட் உள்ளவற்றை, ஒரு மேட்சாவது ஆடிப் பார்த்துவிடுங்கள்.