சீப்பைக் கீழே வையுங்கள்: சுருட்டை முடி கேள்வி பதில்

சுருட்டை முடி பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சொன்னதும் வந்து குவிந்தவற்றில் பாதிக்கு மேல் "இதை எப்படி அடக்குவது?" என்றே தொடங்கின. அடக்குவதற்கு இது என்ன கலவரமா? என் தலையிலும் சுருட்டைதான். பதினேழு வயது வரை சீவிச் சீவியே அதைப் பரட்டையாக்கி வைத்திருந்தேன். பிறகு கத்தரிக்கோல் பிடிப்பதே தொழிலாகிவிட்டது. அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். நோய் என்று தோன்றும் இடத்தில் தோல் மருத்துவரைக் கைகாட்டிவிடுவேன்.

கேள்வி: அப்பா, அம்மா இருவருக்கும் நேர் முடி. எனக்கு மட்டும் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு சுருளத் தொடங்கியது. ஷாம்பு ஒத்துக்கொள்ளவில்லையோ?

ஷாம்பு மேல் பழி போடாதீர்கள். முடி சுருளுமா, நேராக இறங்குமா என்பது தோலுக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது. மயிர்க்கால் நேராக இருந்தால் முடி நேராக வரும். அது கொக்கி போல் வளைந்திருந்தால் முடியும் வளைந்தே வெளிவரும். குறுக்காக வெட்டிப் பார்த்தால் நேர் முடி ஏறக்குறைய வட்டமாகவும், சுருள் முடி இரு பக்கம் அமுக்கிய வட்டம் போலவும் தெரியும். பல மரபணுக்கள் சேர்ந்து இதைத் தீர்மானிப்பதால், நேர் முடிப் பெற்றோருக்குச் சுருட்டைப் பிள்ளை பிறப்பதில் விந்தையில்லை. பருவ வயதில் ஹார்மோன்கள் மாறும்போது முடியின் போக்கு மாறுவதும் உண்டு. கீமோதெரபியில் முடியை இழந்தவர்களில் சிலருக்கு மறுபடி முளைக்கும் முடி சுருண்டு வரும்.

கேள்வி: ஈரமாக இருக்கும்போது அவ்வளவு அழகாகச் சுருள்கிறது. காய்ந்ததும் புதராகிவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

ஈரத்துக்கும் காய்வதற்கும் இடைப்பட்ட அந்த ஒரு மணி நேரத்தில்தான். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் உருவத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில் இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். கந்தகப் பிணைப்பு முரட்டுப் பிடிவாதம் உடையது. ரசாயனம் போட்டால்தான் அசையும். ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீர் பட்டதும் விட்டுக்கொடுக்கும், காயும்போது மறுபடி பூட்டிக்கொள்ளும். முடி எந்த வடிவத்தில் காய்கிறதோ, அந்த வடிவத்தில் பூட்டு விழும். அந்த நேரம் பார்த்து நீங்கள் துண்டால் பரபரவென்று துவட்டி, சீவி, கோதி, காதோரம் ஒதுக்கிவிட்டால், ஒவ்வோர் இழையும் ஒவ்வொரு திசையில் பூட்டிக்கொள்ளும். அதுதான் உங்கள் புதர்.

நான் செய்வதைச் சொல்கிறேன். கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே சிக்கை எடுத்துவிடுவேன். அன்றைக்குச் சீப்பு என் தலையைத் தொடுவது அந்த ஒரு முறைதான். அலசிய பிறகு, தண்ணீர் சொட்டச் சொட்டத் தலையைக் குனிந்துகொண்டு, ஜெல்லை இரு உள்ளங்கைகளிலும் பரப்பிக் கற்றைகளின் மேல் வழித்துவிடுவேன். பிறகு நுனியை உள்ளங்கையில் ஏந்தி, அப்படியே உச்சந்தலைப் பக்கமாகத் தூக்கி, கசக்கிப் பிடித்து விடுவேன். சளக், சளக் என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் தண்ணீர் போதவில்லை. இன்னும் ஒரு கை தெளித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பழைய பருத்தி பனியனால் நீரை ஒற்றி எடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

காய்ந்ததும் முடி கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்து நிற்கும். முதல்முறை செய்பவர்கள் இந்த இடத்தில்தான் பயந்துபோய் மறுபடி குளியலறைக்கு ஓடுகிறார்கள். ஓடாதீர்கள். அது ஜெல் கட்டிய கூடு; அதற்குள்தான் சுருள் கலையாமல் காய்கிறது. முழுதும் காய்ந்தபின், இரண்டு சொட்டு எண்ணெய் தேய்த்த கையால் மெல்லக் கசக்கினால் கூடு நொறுங்கி, சுருள் மட்டும் நிற்கும். முழுதும் என்றால் முழுதும். பிடரியில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே ஆசைப்பட்டுக் கைவைத்தால் மறுபடி புதர்தான். எனக்கே வாரத்தில் ஒரு நாள் பொறுமை போய்விடுகிறது.

கேள்வி: தினமும் எண்ணெய் வைக்கிறேன். ஆனாலும் நுனியெல்லாம் நார் போல் வறண்டு கிடக்கிறது, அக்கா.

எண்ணெய் ஈரம் தராது. இருக்கும் ஈரத்தை ஓடாமல் பிடித்துவைக்கும். காய்ந்த முடியில் எண்ணெய் தடவுவது காலிக் குடத்துக்கு மூடி போடுவது போல. தலைத்தோலில் ஊறும் இயற்கை எண்ணெய் நேர் முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருளில் ஒவ்வொரு வளைவிலும் தடுக்கி நின்றுவிடும். வேரில் பிசுபிசுப்பும் நுனியில் வறட்சியும் ஒரே தலையில் குடியிருப்பது அதனால்தான். நுனிப் பாதிக்குக் கண்டிஷனரைத் தாராளமாகக் கொடுங்கள். அலசிய ஈரத்தோடு கொஞ்சம் கண்டிஷனரை விட்டுவைத்தாலும் தவறில்லை.

எண்ணெயை விட மனமில்லை என்றால், குளிப்பதற்கு முன் வையுங்கள். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டது. முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறிப்பிடும்படி குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் நுழையக்கூடியது. மற்றவை பெரும்பாலும் மேலேயே நின்றுவிடுகின்றன.

கேள்வி: சல்ஃபேட் கூடாது, சிலிகான் கூடாது என்கிறார்கள். பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துப் படித்துக் கண் வலிக்கிறது. உண்மையிலேயே அவ்வளவு கெடுதலா?

இரண்டும் நஞ்சல்ல. இரண்டையும் சேர்த்து விலக்கச் சொல்வதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. டைமெத்திக்கோன் போன்ற சிலிகான்கள் தண்ணீரில் கரையாதவை; முடிக்குப் பளபளப்பான சட்டை போட்டுவிடும். அந்தச் சட்டை அடுக்கடுக்காகச் சேர்ந்தால் சுருள் கனத்துத் தொங்கும், தண்ணீர் உள்ளே இறங்காது. அதைக் கழற்றச் சல்ஃபேட் என்ற அழுக்குநீக்கி கலந்த வலுவான ஷாம்பு வேண்டும். வலுவான ஷாம்பு இருக்கும் எண்ணெயையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும். வறண்ட முடிக்கு மறுபடி சிலிகான். இந்தச் செக்கிலிருந்து இறங்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். நான் வாரம் இரு முறை மென்மையான ஷாம்புவும், மாதம் ஒரு முறை சல்ஃபேட் உள்ளதும் போடுகிறேன். வானம் இடிந்து விழவில்லை.

பட்டியலில் நான் தேடிப் பார்ப்பது கிளிசரினைத்தான். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புழுக்கமான நாளில் அளவுக்கு மீறி இழுத்து முடியை உப்ப வைத்துவிடும். அப்படிப்பட்ட நாட்களில் முதல் சில பெயர்களுக்குள் கிளிசரின் இல்லாத ஜெல் நல்லது.

கேள்வி: என் முடி 3ஏ-வா 3பி-யா? ஓர் இழையைத் தண்ணீர்க் கோப்பையில் போட்டுப் பார்த்தேன், மிதந்தது. அதற்கு என்ன பொருள்?

மிதந்தது என்று பொருள். இழையில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் நீரின் மேற்பரப்பு இழுவிசையும் சேர்ந்தே எதையும் மிதக்க வைத்துவிடும். அதை வைத்து முடி ஈரத்தை உறிஞ்சுமா என்று சொல்ல முடியாது. குளித்தபின் எத்தனை நேரத்தில் காய்கிறது என்று பாருங்கள். மளமளவென்று காய்ந்துவிட்டால் ஈரம் தங்காத முடி. மாலை வரை ஈரமாகவே இருந்தால் ஈரத்தை எளிதில் உள்ளே விடாத முடி. அதற்குக் கனமான கிரீம்கள் வேண்டாம்.

எண்ணும் எழுத்தும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரர் ஆண்ட்ரே வாக்கர் 1990-களில் வகுத்த பிரிவிலிருந்து வந்தவை. 1 நேர், 2 அலை, 3 சுருள், 4 மிக நெருங்கிய சுருள். ஏ, பி என்ற எழுத்துகள் அந்தப் பிரிவுக்குள் சுருள் எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்பவை. ஒரே தலையில் நெற்றியோரம் ஒன்றாகவும் பிடரியில் வேறாகவும் இருப்பது சாதாரணம். பெயர் தெரியாவிட்டாலும் முடி வளரும்.

கேள்வி: மகளுக்கு ஆறு வயது. சீப்பை எடுத்தாலே அழுகிறாள். காலையில் தலைவாரிவிடுவது என் பொறுப்பு. ஓர் அப்பாவுக்குப் புரியும்படி சொல்லுங்கள், அக்கா.

காய்ந்த முடியைச் சீவுவதை இன்றோடு நிறுத்துங்கள், தம்பி. பாதி அழுகை அதிலேயே நின்றுவிடும். முந்தின நாள் மாலையே, தண்ணீரும் கண்டிஷனரும் கலந்து தெளித்து முடியை நன்றாக நனையுங்கள். நான்கு பகுதியாகப் பிரித்து மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். கையில் இருக்கும் பகுதியில் முதலில் விரல்கள், பிறகு பல் அகன்ற சீப்பு. நுனியிலிருந்து இரண்டு அங்குலம் மட்டும் எடுங்கள். அது வழுக்கிக்கொண்டு இறங்கியபின் இன்னும் இரண்டு அங்குலம் மேலே போங்கள். உச்சியில் தொடங்கினால், வழியிலுள்ள சின்னச் சிக்குகளையெல்லாம் திரட்டி அடியில் ஒரே முடிச்சாக்கிவிடுவீர்கள்.

முடிச்சு அகப்பட்டதா? அதற்கு மேலே, தலைப்பக்கமாக, கற்றையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போது இழுப்பு உங்கள் கையோடு நின்றுவிடும், அவள் தலைக்குப் போகாது. இந்த ஒன்று மட்டும் நினைவிருந்தாலே போதும். சிக்கெடுத்ததும் தளர்வாக இரண்டு பின்னல் போட்டுப் படுக்க வையுங்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் சீப்புக்கு வேலையே இருக்காது.

இன்னொன்று. செல்லமாகக்கூட அவளைப் "பரட்டை" என்று கூப்பிட வேண்டாம். சுரிகுழல், அளகம் என்று சுருண்ட கூந்தலுக்கு அழகழகான பெயர்கள் வைத்திருந்த மொழி நம்முடையது.

கேள்வி: ஷாம்புவே வேண்டாம், கண்டிஷனரால் மட்டும் அலசினால் போதும் என்று படித்துச் செய்தேன். இப்போது பொடுகு.

வந்ததில் வியப்பில்லை. பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை தலைத்தோலின் எண்ணெயைத் தின்றே வாழ்கிறது. எண்ணெயைக் கழுவாமல் விட்டால் அதற்கு விருந்து. கீட்டோகோனசோல் அல்லது ஜிங்க் பைரிதியோன் கலந்த ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். போட்ட கையோடு அலசினால் மருந்து சாக்கடைக்குத்தான் வேலை செய்யும். நான்கு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: நான் ஆண். முடி மூன்று அங்குலம்தான். இவ்வளவு சடங்கும் எனக்கு வேண்டுமா?

வேண்டாம். கண்டிஷனர், ஈரத்தில் கொஞ்சம் ஜெல், காயும்வரை தொடாமல் இருப்பது. முடிந்தது.

கேள்வி: நேர்முகத் தேர்வு வருகிறது. கெரட்டின் சிகிச்சை செய்து நேராக்கிக்கொள்ளலாமா?

உங்கள் தலை, உங்கள் முடிவு. தெரிந்து செய்யுங்கள். அந்தப் பெயரில் செய்யப்படும் பல சிகிச்சைகளில், முடியை நேராக்கும் சூட்டு இரும்பு பட்டதும் ஃபார்மால்டிஹைடு ஆவியாக வெளிவருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் அதைச் சேர்த்திருக்கிறது. நிரந்தரமாக நேராக்கும் முறைகள் வேறு; அவை நான் முன்பு சொன்ன கந்தகப் பிணைப்பையே உடைக்கின்றன. உடைத்த முடி பழையபடி சுருளாது. ஒரு நாளைக்காக என்றால் ஹேர் டிரையரும் தூரிகையுமே போதும். ஈர முடியில் மட்டும் சூட்டு இரும்பை வைக்காதீர்கள். உள்ளிருக்கும் நீர் கொதித்து முடித்தண்டில் குமிழ் விழும், அந்த இடத்தில் ஒடியும்.

இதில் ஒரு வேடிக்கை. கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியச் சிகையலங்காரர் 1900-களின் தொடக்கத்தில் லண்டனில், நேர் முடிப் பெண்களின் கற்றைகளைச் சூடேற்றிய பித்தளை உருளைகளில் சுற்றி, மணிக்கணக்கில் உட்கார வைத்துச் சுருளாக்கினார். நமக்குச் சும்மா கிடைத்ததற்கு அவர்கள் அந்தப் பாடு பட்டார்கள்.

கேள்வி: ஐந்து ஆண்டுகள் நேராக்கிய முடி. இனி வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன். எந்த எண்ணெய் போட்டால் சுருள் திரும்பும்?

எதுவும் திருப்பாது. வெளியே தெரியும் முடி உயிரற்றது. தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாது. புதிதாக முளைப்பதுதான் சுருண்டு வரும், அதுவும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். தோள்வரை வர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். துணிச்சல் இருந்தால் ஒரேயடியாக வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். சுருளும் நேரும் சந்திக்கும் இடம்தான் மிகப் பலவீனமானது. அங்கே சீப்பு போகும்போது கவனம்.

கேள்வி: தலைக்குக் குளிக்கும் நாளில் கொத்தாக முடி கையோடு வருகிறது. சொட்டையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

யாருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும். நேர் முடியில் அது தரையில் விழுந்துவிடும். நம் தலையில் சுருளுக்குள் சிக்கிக்கொண்டு, நான்கு நாள் உதிரல் குளிக்கும் நாளில் ஒன்றாக வெளியே வரும். கொத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், வகிட்டைப் பாருங்கள். வகிடு அகன்றாலோ, திட்டுத்திட்டாக உதிர்ந்தாலோ மருத்துவரிடம் போங்கள். நெற்றியோரம் பின்வாங்கினால் இறுக்கிப் போடும் கொண்டையையும் பின்னலையும் சந்தேகப்படுங்கள். ஆண்டுக்கணக்கில் இழுபட்ட மயிர்க்கால் பிறகு முளைக்கவே முளைக்காமல் போகலாம்.

கேள்வி: ஓர் அங்குலம் மட்டும் வெட்டச் சொன்னேன். காய்ந்தபின் பார்த்தால் காதுக்கு மேலே நிற்கிறது!

ஈரத்தில் இழுத்துப் பிடித்து வெட்டியிருப்பார். சுருள் காயும்போது சுருங்கும். நெருக்கமான சுருள் பாதிக்கு மேல்கூட மேலேறிவிடும். அதனால் நான் சுருட்டையைக் காய்ந்த நிலையில், கற்றை கற்றையாக, அது தொங்கும் இடத்திலேயே வெட்டுவேன். அடுத்த முறை, வழக்கம்போல் காயவைத்த முடியோடு போங்கள். எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கண்ணாடியில் உங்கள் தோளைத் தொட்டுக் காட்டுங்கள். முதல் கற்றையை வெட்டியதும் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். அதுவரை காதோரத்துக்கு இரண்டு கிளிப்புகள்.