ஒற்றைக் கோட்டை நம்பித் தூரம் சொல்லலாமா?

கேள்வி: முதுகலை இயற்பியல் ஆய்வேட்டுக்காக, பொதுத் தரவிலிருந்து ஒரு மங்கலான விண்மீன் மண்டலத்தின் நிறமாலையை எடுத்தேன். 9,800 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீள அலகு) வரை போகும் அதில், 9,200-இல் ஒரே ஓர் உமிழ்கோடு. மென்பொருள் ‘லைமன் ஆல்ஃபா (ஹைட்ரஜனின் புற ஊதாக் கோடு), செம்பெயர்ச்சி 6.57’ என்கிறது. அப்படியே எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். செம்பெயர்ச்சி என்பது பிரபஞ்சம் விரிவதால் அலைநீளம் எத்தனை பங்கு நீண்டது என்ற கணக்கு; தூரம் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் அந்த ஒரு கோட்டுக்கு லைமன் ஆல்ஃபாவையும் சேர்த்து நான்கு பேர் சொந்தம் கொண்டாடலாம் (அடைப்புக்குள் அவற்றின் அசல் அலைநீளம்). ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு (6,563) என்றால் செம்பெயர்ச்சி வெறும் 0.40. இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன் (5,007) என்றால் 0.84. ஒன்றை மட்டும் இழந்த ஆக்சிஜன் (3,727) என்றால் 1.47. மென்பொருள் தனக்குக் கொடுத்த மாதிரி நிறமாலைகளில் எது பொருந்துகிறதோ அதைச் சொல்லும், அவ்வளவுதான்.

கூட்டாளிகளைத் தேடுங்கள். 5,007 தனியாக வராது. அதில் மூன்றில் ஒரு பங்கு பலத்தில் 4,959 கூடவே வரும். உங்கள் நிறமாலையில் அது 9,112-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஹைட்ரஜனின் 6,563 என்றால் 7,019-இல் ஆக்சிஜனின் 5,007 கோட்டைப் பாருங்கள்.

உண்மையிலேயே தனியாக நிற்கக்கூடியது 3,727. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 1.47-இல் மற்ற பலமான கோடுகள் 12,000-ஐத் தாண்டி அகச்சிவப்புக்குப் போய்விடும். ஆனால் அது ஒரு கோடே அல்ல, ஒட்டிய இரண்டு கோடுகள். உங்களுக்கு அவை ஏறத்தாழ 7 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் விழும். விண்மீன் மண்டலங்களின் நிறமாலையை எடுக்கும் டெசி (DESI) கருவி இந்த இரட்டையைப் பிரித்துப் பார்க்கும் திறனோடுதான் கட்டப்பட்டது. பெரிதாக்கிப் பாருங்கள்: நடுவே பள்ளம் விழுந்த இரட்டை முகடா, அல்லது நீலப் பக்கம் வெட்டினாற்போல் நின்று சிவப்புப் பக்கம் வால் நீள்கிறதா? பின்னது என்றால்தான் லைமன் ஆல்ஃபா பேச்சே எடுக்கலாம்.

அதற்கும் முன்னால் ஒன்று: இந்த அலைநீளப் பகுதி முழுக்க நம் வளிமண்டலத்தின் ஹைட்ராக்சில் (OH) மூலக்கூறுகளின் ஒளிர்வு. அதைச் சரியாகக் கழிக்காவிட்டால் மிச்சம் அசல் கோடு மாதிரியே நிற்கும். வான நிறமாலையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

பெரிய குழுக்களே சறுக்கிய இடம் இது. 2022-இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களை மட்டும் வைத்துச் செம்பெயர்ச்சி 16-க்கு மேல் என்று கணித்த ஒரு மண்டலம், நிறமாலை எடுத்ததும் 4.9 என்று தெரிந்தது. தூசியும், கேமராவின் நிற வடிகட்டிகளுக்குள் விழுந்த அயனி வாயுக் கோடுகளும் சேர்ந்து செய்த வேலை.

சரி, உங்கள் ஆய்வேட்டில் நான்கு சாத்தியங்களையும் எழுதி, எதை எந்தக் கோடு இல்லாததால் தள்ளினீர்கள் என்று காட்டுங்கள். இரண்டு மிஞ்சினால் இரண்டையும் எழுதுங்கள்.