கம்பத்தில் காலி, கம்ப்யூட்டரில் ஃபுல்

கேள்வி: கோத்தகிரி பக்கம் அரவேணுவில் வாடகைக்கு வந்திருக்கிறோம். ஃபைபர் பெட்டி வாசல் கம்பத்திலேயே இருக்கிறது, ஆனால் மூன்று வாரமாக 'போர்ட் இல்லை' என்கிறார்கள். 3,000 ரூபாய் கொடுத்தால் நாளைக்கே இணைப்பு என்கிறார் ஒரு ஏஜென்ட். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒரே ஃபைபரை ஸ்ப்ளிட்டர் வைத்து 32, 64 வீடு என்று பிரிக்கிறார்கள். உங்கள் வாசல் பெட்டியில் பெரும்பாலும் 8 அல்லது 16 துளை இருக்கும், அதைத்தான் 'போர்ட்' என்கிறார்கள். ஒவ்வொரு துளைக்கும் கம்பெனி டேட்டாபேஸில் ஒரு வரி உண்டு: எந்தப் பெட்டி, எத்தனையாவது துளை, யார் பேரில். புது ஆர்டர் போட்டால் சாஃப்ட்வேர் அந்த வரியைத்தான் பார்க்கும், கம்பத்தை அல்ல. முன்பு குடியிருந்தவர் இணைப்பை சரண்டர் செய்யாமல் காலி செய்திருந்தால் துளை இன்னும் அவர் பேரில்தான். துண்டு போட்டு சீட் பிடித்தவர் பஸ்ஸிலேயே ஏறவில்லை, கண்டக்டரோ துண்டை எடுக்க மாட்டேன் என்கிறார்! குன்னூர் பக்கம் ஒரு மழை நாளில் நான் பார்த்த பெட்டியில் மூன்றே ஒயர், மற்ற ஐந்து துளையிலும் தூசிமூடி அப்படியே இருந்தது. லைன்மேன் போனில் எட்டும் ஃபுல். திருத்த அவருக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவர் மலையேறிப் பெட்டியைப் பார்க்கப்போவதும் இல்லை.

ஏஜென்ட் எப்படி நாளைக்கே தருவார்? பழைய ஆளின் கணக்கிலேயே உங்கள் மோடத்தின் சீரியல் நம்பரை ஏற்றிவிடுவார். நெட் ஜோராக வரும். ஆனால் பில் யாரோ பேரில், அந்த லைனில் ஏதாவது வம்பு வந்தால் போலீஸ் தேடுவதும் அந்த யாரோவை, அப்புறம் உங்களை. அவர் ஒருநாள் சரண்டர் செய்தால் உங்கள் நெட் போய்விடும், புகார் கொடுத்தால் 'நீங்கள் யார் சார்?' என்பார்கள். ஆத்திரத்தில் கேன்சல் செய்து திரும்பத் திரும்ப புக் செய்வதும் வேண்டாம், சில சமயம் அந்த கேன்சல் ஆர்டரே ஒரு துளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

யாரும் பயன்படுத்தாத துளையைக் கேட்டு வாங்கலாம் என்பதற்கு ஒரே விதிவிலக்கு, நம் மலையில் நிறைய உண்டு: சீசன் வீடுகள். ஓனர் சென்னையில் இருப்பார், வருஷத்தில் பத்து நாள்தான் வருவார், ஆனால் மாதாமாதம் பணம் கட்டுவார். அவர் மோடம் அணைந்தே கிடந்தாலும் அந்தத் துளை அவருடையதுதான், 'சும்மாதானே கிடக்கிறது' என்று கேட்க முடியாது. பெட்டி முழுக்க இப்படி என்றால் புது ஸ்ப்ளிட்டர் போட்டால்தான் வழி.

சரி, செய்ய வேண்டியது இதுதான். வீட்டு ஓனரிடம் பழைய குடித்தனக்காரரின் நம்பர் வாங்கி, அவரை சரண்டர் செய்யச் சொல்லுங்கள். பெட்டி எண் பெயிண்டில் இருக்கும், பாசி மூடியிருந்தால் துடைத்துவிட்டு போட்டோ எடுங்கள். 'இந்தப் பெட்டியை நேரில் சரிபார்த்து பதிவைத் திருத்துங்கள்' என்று எழுத்தில் புகார் கொடுத்து டாக்கெட் எண் (புகாரின் பதிவு எண்) வாங்குங்கள். வெறுமனே 'நெட் கொடுங்கள்' என்று எழுதினால் 'போர்ட் இல்லை' என்று மூடிவிடுவார்கள். அதற்கும் அசையாவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள், கட்டணம் கிடையாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதிப் பயனில்லை, தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை.

பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள், அதே கம்பத்தில் இ.பி. லைனும் போகலாம்.