நெய்யாறும் நம் ஆறும்

அன்புள்ள அண்ணாச்சி,

கர்நாடகம் காவிரியில் கட்டப் பார்க்கிற மேகதாது அணை கூடாது என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். காவிரியில் தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டிஎம்சி என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. அது வந்துவிட்டால் மேலே எத்தனை அணை கட்டினால் என்ன? அப்புறம், தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலுக்குப் போகிற ஆறு. அடுத்த மாநிலச் சண்டை நமக்கு எதற்கு?

- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

அம்பாசமுத்திரம் என்று நீங்கள் போடாவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன். தாமிரபரணியின் மேல் அணைக்கட்டுகளான நதியுண்ணி, கன்னடியன் பக்கத்து ஆட்களுக்குத்தான் இந்தத் தெம்பு வரும். இதையே ஸ்ரீவைகுண்டம் வடகால் வாய்க்காலில் கடைமடைக்காரர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். மேலே ஏழும் எடுத்தது போகத்தான் அவருக்கு. பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவிவிட்டுக் காத்திருப்பார். நாற்று முற்றிப்போன பிறகு வாய்க்கால் நிறையத் தண்ணீர் வரும். கணக்கில் அதுவும் வந்த தண்ணீர்தான்.

அதனால்தான் காவிரியில் ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95 டிஎம்சி என்று மாசவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல மழை வருஷத்தில் இந்தப் பட்டியலை யாரும் புரட்டுவதில்லை. கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகர் அணையும் கபினி அணையும் நிறைந்தால் கேட்காமலே வந்துவிடும். மழை பொய்த்த வருஷத்தில்தான் மேலே இருக்கிற அணையெல்லாம் முதலில் தன்னை நிரப்பிக்கொள்ளும். மேகதாது இந்த இரண்டுக்கும் கீழே. இடையில் பெய்கிற மழைத் தண்ணீரில் பெரும்பகுதி இன்று பெரிய அணை எதுவும் தடுக்காமல், எல்லையில் தண்ணீரை அளக்கிற பிலிகுண்டுலுவுக்கு வருகிறது. 67 டிஎம்சிக்கு அணை வந்தால் அதையும் ஒருவர் திறந்துவிட வேண்டியிருக்கும். பெங்களூர்க்காரர்கள் குடிக்க வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆனால் அதே தீர்ப்பு அந்த ஊருக்கென்று கூடுதலாகக் கொடுத்தது 4.75 டிஎம்சி. அதற்கு இவ்வளவு பெரிய அணை எதற்கு என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

சரி, நம் ஆறு நமக்குள்ளேயே ஓடுகிறது என்ற பெருமைக்கு வருவோம். அதே பொதிகையில், அதாவது அகத்தியமலையில், பிறந்து மேற்கே இறங்குவது நெய்யாறு. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தபோது ஆரம்பித்தது நெய்யாறு அணைத் திட்டம். இடதுகரைக் கால்வாய் அந்தத் தாலுகாவுக்கும் சேர்த்துத்தான். 1956-இல் தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது. அதன் பிறகும் பல வருஷம் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. 2004-இல் கேரளம் நிறுத்திவிட்டது. நெய்யாறு கேரளத்துக்குள்ளேயே பிறந்து முடிகிற ஆறு என்பது அவர்கள் வாதம். தாமிரபரணிக்கு நீங்கள் சொன்னதேதான், தம்பி! 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

ஸ்ரீவைகுண்டத்துக்காரர் தண்ணீர் வரவில்லையென்றால் தூத்துக்குடி கலெக்டர் ஆபீசில் போய் உட்காரலாம். அங்கிருந்து தாமிரபரணியின் பாபநாசம் அணைக்கு ஒரு போன் போகும். விளவங்கோட்டுக்காரரும் நாகர்கோவிலில் மனு கொடுக்கலாம்தான். ஷட்டர் இருப்பது திருவனந்தபுரம் மாவட்டத்தில்.