மலையேற நிற்கும் மகன்

கேள்வி: எனது மகனுக்கு 19 வயது. பிறவியிலேயே காது கேளாது. கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்தவன். எவரெஸ்டில் ஏறிய காது கேளாத தம்பதியின் வீடியோவைப் போனில் பார்த்ததிலிருந்து மலையேற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். முதலில் சிநேகிதர்களோடு சிவனொளிபாதமலைக்குப் போகப்போகிறானாம். "கல் உருண்டு வந்தால் இவனுக்கு எப்படித் தெரியும்?" என்று தகப்பன் மறிக்கிறார். எனக்குக் கொஞ்சம் சைகை தெரியும். அவருக்கு அதுவும் தெரியாது. நான் என்ன செய்ய?
— ஒரு தாய், கொக்குவில்

பதில்: அன்புள்ள அம்மா, போகட்டும், விடுங்கள். ஆனால் யாரோடு போகிறான் என்பதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

தம்பி பார்த்தது அநேகமாக ஸ்கொட் லீமன், ஷேனா அங்கர் ஜோடியாக இருக்கும். அமெரிக்கர்கள். 2023 மே 22 அன்று 8,849 மீற்றர் உயரத்தில் நின்றார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1991 இல், ஹெய்டி ஸிம்மர் என்ற காது கேளாத பெண் அலாஸ்காவின் தெனாலியில் ஏறிவிட்டார். அது 6,190 மீற்றர்.

மேலே காற்று வீசும்போது, நன்றாகக் காது கேட்பவருக்கும் பக்கத்தில் நிற்பவர் கத்துவது கேட்காது. கயிற்றை இழுத்தும் கையைக் காட்டியும்தான் அவர்களும் கதைக்கிறார்கள். உங்கள் மகன் சின்ன வயதிலிருந்தே கையால் கதைக்கிறவன். அவனுக்குக் கஷ்டம் வேறு இடத்தில்: தடித்த கையுறை போட்டால் விரல் தெரியாது, ஒட்சிசன் முகமூடி உதட்டை மறைத்துவிடும், இருட்டில் கையே தெரியாது.

ஒன்றை மறைக்க மனமில்லை. மலேசியாவின் ஹவாரி ஹாஷிமும் காது கேளாதவர். அதே 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும் வழியில் காணாமற்போனார். அந்தப் பருவத்தில் காது கேட்பவர்கள் பலரும் அங்கே மடிந்தார்கள். ஆகவே தகப்பனின் பயத்தைப் பிழை என்று சொல்லமாட்டேன்.

சிவனொளிபாதமலை 2,243 மீற்றர்தான். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை வழியெல்லாம் வெளிச்சமும் சனமும் இருக்கும். அந்தக் காலத்திலேயே போகட்டும். ஆனால் படிகள் ஐயாயிரத்துக்கு மேல், கால் பழக வேண்டும். எங்கள் ஊரில் கீரிமலைக்குப் பெயரில்தான் மலை இருக்கிறது. அதனால் மணற்காட்டு மணற்குன்றுகளில் முதுகில் பையோடு ஏறி இறங்கட்டும், தொடை தானாக இறுகும். அப்புறம், காது கேளாத சிலருக்கு உட்காதுப் பிரச்சினையால் உடற்சமநிலையும் குறைவாக இருக்கும். காது வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

ஆளுக்கொரு ரோச் வேண்டும். கதைக்கும்போது அதை மற்றவரின் கண்ணில் அடிக்காமல் தன் கையில் பிடிக்க வேண்டும். மகன் நடுவில் ஏறட்டும், பின்னால் காது கேட்கும் ஒருவர் வரட்டும்.

அந்த ஒருவராகத் தகப்பனையே அனுப்புங்கள். "நில்", "வா", "கவனம்", "களைப்பா?" என்ற நாலு சைகையைப் போவதற்கு முன் மகனே அவருக்குப் பழக்கட்டும். கல் உருளும் சத்தம் கேட்டால் அவர் மகனின் தோளில் கைவைத்து நிறுத்தலாம்.