புதுப்பித்த பழைய மாளிகை: வாங்கும் முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: அட்லாண்டாவில் வசிக்கிறோம். விடுமுறைக்குப் போய்த் தங்க, தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரின் பழைய பகுதியில் 1850-களில் கட்டிய செங்கல் மாளிகை ஒன்றைப் பார்த்திருக்கிறோம். முழுவதும் புதுப்பித்தது என்கிறார்கள். ஜன்னல்களை மட்டும் மாற்றிக்கொள்ள ஆசை. வாங்கலாமா?

பதில்: ஜன்னல் ஆசையை முதலில் ஒதுக்கி வையுங்கள். பழைய பகுதியைக் காக்க 1931-லேயே சட்டம் போட்ட ஊர் அது. அமெரிக்காவில் அப்படிச் சட்டம் போட்ட முதல் நகரம் அதுதான். தெருவிலிருந்து கண்ணில் படும் மாற்றம் எதுவானாலும் கட்டடக்கலை ஆய்வு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். மர ஜன்னலைப் பெயர்த்துவிட்டு வினைல் பிளாஸ்டிக் ஜன்னல் வைக்கலாம் என்று நம்பி விலை பேசாதீர்கள். சில வீடுகளின் பத்திரத்திலேயே உள் அலங்காரத்தைக்கூடத் தொடக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். வக்கீலிடம் முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள்.

சரி, சுவருக்கு வருவோம். எனக்கு இதுதான் பெரிய கவலை. அந்தக் காலச் செங்கல் மென்மையானது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. சுவருக்குள் ஏறும் ஈரம் சாந்து வழியாக வெளியேறிவிடும். புதுப்பிக்கிறேன் என்று இடுக்குகளில் சிமென்ட் அடைத்தால் அந்த வழி அடைபட்டு, ஈரம் செங்கல் வழியாக வெளியேறும்; செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும். பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் சாவியால் கீறிப் பாருங்கள். சுண்ணாம்பு என்றால் கொஞ்சமாவது பொடி உதிரும். கீறலே விழாமல், செங்கல் உள்வாங்கி இடுக்கு மட்டும் துருத்திக்கொண்டு, சுவரடியில் சிவப்புத் தூள் கிடந்தால் அது சிமென்ட் வேலை. அதைச் செதுக்கி எடுக்கப் பெரும் செலவாகும். அந்த ஊர்ச் செங்கற்கள் சிலவற்றில் விரல் தடங்கள் இன்னும் இருக்கின்றன. அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்கள், சிறுவர்களும்தான், செங்கல் அறுத்தபோது பதிந்தவை. அவை உதிர்ந்து போக விடலாமா?

வெளிச்சுவரில் வட்ட இரும்புத் தகடுகள் தெரிந்தால் பயப்படாதீர்கள். 1886 ஆகஸ்ட் 31 பூகம்பத்துக்குப் பிறகு, எதிரெதிர் சுவர்களை இழுத்துப் பிடிக்கக் கம்பி போட்டார்கள்; அதன் முனைதான் இந்தத் தகடு. கம்பி உள்ளே இன்னும் இருக்கிறதா என்று மட்டும் இன்ஜினியரைப் பார்க்கச் சொல்லுங்கள். சில தகடுகள் வெறும் அலங்காரம்.

அப்புறம் பணக் கணக்கு. சாதாரண வீட்டு இன்சூரன்ஸில் வெள்ளச் சேதம் சேராது. அரசின் வெள்ளக் காப்பீடு வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர்தான் தரும். அங்கேயே குடியிருப்பவருக்கு வீட்டு மதிப்பில் 4 சதவீதத்தின் மீதுதான் சொத்து வரி கணக்கிடுவார்கள். உங்களைப் போல வெளியூரில் இருப்பவருக்கு 6 சதவீதத்தின் மீது. கரையான் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

முன்பணம் தரும் முன், புதுப்பித்த வேலையின் பில்களையும் போட்டோக்களையும் கேளுங்கள். என்ன சாந்து போட்டார்கள் என்பது அதில் இல்லாவிட்டால், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் சுவரைப் பார்க்கும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.