மூன்று தவணை, இரண்டு போகம்

கேள்வி: விசுவமடுவில் வசிக்கிறேன். அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பணியாற்றுகிறேன். கைக்கு வரும் சம்பளம் 58,000 ரூபாய். கணவர் மூன்று ஏக்கர் வயல் செய்கிறார். நல்ல வருடத்தில் இரு போகமும் சேர்ந்து செலவு போக இரண்டரை இலட்சம் மிஞ்சும். வீட்டுச் செலவு மாதம் 65,000. கனடாவில் இருக்கும் கணவரின் தமையனாரது விருப்பத்தின்படி, மகனைக் கிளிநொச்சியில் ஒரு தனியார் ஆங்கில மொழிமூலப் பாடசாலையில் சேர்த்தோம். இப்போது தரம் 4. தமையனார் வருடத்துக்கு ஒன்றரை இலட்சம் அனுப்புகிறார். மீதிக்கு எனது 12 பவுண் நகையை அடகு வைத்தோம். தவணைக்குத் தவணை அதன் மேல் மேலும் எடுத்ததில், இரண்டு வருடத்தில் கடன் ஆறு இலட்சமாகிவிட்டது, வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கிறோம். தங்கம் விலை ஏறியதால் அதே நகைக்கு இன்னும் பணம் தரலாம் என்கிறார்கள். தரம் 6 இல் இதைவிடக் கட்டணம் கூடிய சர்வதேசப் பாடசாலைக்கு மாற்றும்படி தமையனார் சொல்கிறார். அதற்கு அடகில் மேலதிகமாக எடுப்பதா, அரச ஊழியர் என்ற வகையில் குறைந்த வட்டியில் எனக்குக் கிடைக்கக்கூடிய இரண்டரை இலட்சம் இடர்கடனை எடுப்பதா? காப்புறுதி முகவர் ஒருவர் மாதம் 8,000 ரூபாய்க் கல்விக் காப்புறுதி ஒன்றையும் வற்புறுத்துகிறார்.

பதில்: அன்புள்ள சகோதரி, எந்தப் பாடசாலை நல்லது என்பதை விட்டுவிடுவோம், அதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். என் கண்ணில் பட்டது உங்கள் கடிதத்தில் ஒரு வரியாக வந்து போகும் செய்தி: தவணைக் கட்டணம் வரும்போதெல்லாம் வங்கிக்குப் போய், ஏற்கெனவே அடகில் இருக்கும் நகையின் மேல் மேலும் பணம் எடுக்கும் பழக்கம். வயல் வருடத்துக்கு இரண்டு தடவைதான் பணம் தரும்; அதிலும் சிறுபோகம் குளத்துத் தண்ணீரைப் பொறுத்தது. பாடசாலையோ மூன்று தவணைக்கும் தவறாமல் கேட்கும். இந்த இடைவெளியைத் தங்கத்தின் விலையேற்றம் நிரப்பிக்கொண்டிருப்பதால், பள்ளம் இருப்பதே உங்களுக்குத் தெரியவில்லை. விலை ஏறியதால் உங்கள் நகை கூடவில்லை. அது அதே 12 பவுண்தான். கூடியது கடன் மட்டுமே.

நீங்கள் இணைத்திருந்த பற்றுச்சீட்டுகளைக் கொண்டு ஒரு வருடத்துக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டேன். தவணைக்கு 55,000 வீதம் 165,000. பாடசாலை வானுக்கு மாதம் 14,000 வீதம் 11 மாதத்துக்கு 154,000. ஆங்கில ரியூசன் 48,000. சீருடை, கலைவிழா, சுற்றுலா என்று ஒரு 40,000. மொத்தம் ஏறத்தாழ 407,000. அடகு வட்டி மாதம் ஒன்றரை வீதமாகையால் அது 108,000. ஆக 515,000. மறுபக்கத்தில் சம்பளமும் வயலும் சேர்ந்து 946,000. வீட்டுச் செலவு 780,000 போக 166,000 மிஞ்சும். பெரியப்பா அனுப்புவதைச் சேர்த்தால் 316,000. வருடத்துக்கு இரண்டு இலட்சம் துண்டு விழுகிறது. அதையும் அடகிலேயே எடுத்து, அதன் வட்டியையும் அடகிலேயே ஏற்றினால், நான்கு வருடத்தில் கடன் 16 இலட்சத்தைத் தாண்டும். அப்போது மகன் தரம் 8 இல்தான் இருப்பான். பாடசாலை கட்டணத்தைக் கூட்டாது, வயல் ஒரு போகமும் பொய்க்காது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

பெரியப்பாவின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் செலவில் மூன்றிலொரு பங்கைத் தருபவர் முழு முடிவையும் எடுப்பது முறையல்ல. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பலருக்கு, தாங்கள் அனுப்பும் பணத்துக்கு மேல் இங்கே எவ்வளவு செலவாகிறது என்பதே தெரிவதில்லை. நாமும் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. (வீட்டு வாசலில் வான் வந்து நிற்பதில் இருக்கும் சிறு பெருமையும் அந்த மௌனத்துக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன், கோபிக்க வேண்டாம்.) சர்வதேசப் பாடசாலைதான் வேண்டுமென்றால், ஒவ்வொரு தவணையும் தொடங்குமுன் முழுக் கட்டணத்தையும் அவரே பாடசாலைக்கு நேரடியாகச் செலுத்தட்டும். அங்கே எழுதும் கேம்பிரிட்ஜ், எடெக்செல் போன்ற பிரித்தானியப் பரீட்சைகளின் கட்டணம் அந்நாட்டுப் பவுண் நாணயத்தில் கணிக்கப்படுவதையும் சொல்லுங்கள். 2022 இல் ரூபாய் சரிந்தபோது அது எப்படி ஏறியதென்று அப்பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்டால் தெரியும்.

இன்னொன்றையும் அவர் அறிந்திருக்க வேண்டும். இந்நாட்டு அரச பல்கலைக்கழகங்களுக்கான வழமையான அனுமதி உள்ளூர் உயர்தரப் பரீட்சையின் அடிப்படையில்தான் நடைபெறுகிறது. அதில் பெரும்பகுதி இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் ஒதுக்கப்படுகின்றன. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அந்தப் பட்டியலில் உள்ளவை. வெளிநாட்டுப் பாடத்திட்டத்துக்குப் போகும் பிள்ளை இந்த வாய்ப்பைக் கைவிட்டே போகிறான்.

அவர் முழுக் கட்டணத்தையும் ஏற்காவிட்டால், தரம் 6 வரை காத்திருக்காமல் வரும் வருடமே அரச பாடசாலைக்கு மாற்றுங்கள். தமிழில் எழுதிப் பழகுவதற்குத் தரம் 5 ஒரு வருட அவகாசம் தரும். ஆங்கிலம் விட்டுப்போகும் என்ற கவலை நியாயமானது. தரம் 6 முதல் சில பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் இருமொழிக் கல்வி உங்கள் பக்கத்தில் எந்தப் பாடசாலையில் இருக்கிறதென்று வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். வான் செலவு நின்றாலே சுமை கணிசமாக இறங்கும்.

இடர்கடனை எடுங்கள்; ஆனால் புதிய பாடசாலையின் கட்டணத்துக்கு அல்ல, நகையை மீட்பதற்கு. அதன் வட்டி வருடத்துக்கு 4.2 வீதம், அடகு 18 வீதம். இரண்டரை இலட்சத்தை இங்கிருந்து அங்கே மாற்றினாலே முதல் வருடத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் மிஞ்சும். மீதி மூன்றரை இலட்சத்தை ஒரே அடகுச்சீட்டாக வைக்காமல், சங்கிலி தனியே, காப்பு தனியே என்று பிரித்து வையுங்கள். காலபோக நெல் விற்றதும் ஒரு சீட்டையாவது முழுதாக மீட்கலாம். மீட்டதை மறுபடி கொண்டுபோகாதீர்கள். மகன் அரச பாடசாலைக்கு வந்த பின்னும் பெரியப்பா அந்த ஒன்றரை இலட்சத்தை அனுப்பச் சம்மதித்தால், மூன்று வருடமளவில் எல்லா நகையும் வீட்டுக்கு வந்துவிடும்.

கல்விக் காப்புறுதி இப்போது வேண்டாம். 18 வீதத்துக்குக் கடன் வைத்துக்கொண்டு, அதைவிடக் குறைவாக வளரும் ஒன்றில் மாதம் 8,000 போடுவது பொருந்தாது. இடையில் கட்ட முடியாமல் நிறுத்தினால் போட்ட பணமும் முழுதாக வராது. முகவரின் வற்புறுத்தலில் ஏற்கெனவே கையொப்பமிட்டிருந்தால், காப்புறுதிப் பத்திரம் கைக்குக் கிடைத்து 21 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து அதை இரத்துச் செய்யலாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.